விவாகரத்தா, நீதிமுறைப் பிரிவா? சென்னையில் மனுப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

"இப்போதைக்கு டைவர்ஸ் வேண்டாம், பிரிஞ்சிருக்க மட்டும் ஆர்டர் வாங்கிக்கலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் யோசனை சொல்வார்கள். பிரிவு என்றால் பாதி விவாகரத்து, செலவும் அலைச்சலும் பாதிதான் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் பொருந்துகிறவர்களுக்கு அந்த நினைப்பு தவறு. 1976-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வக்கீல்கள் ஜுடிஷியல் செப்பரேஷன் என்று சொல்லும் நீதிமுறைப் பிரிவுக்கும் விவாகரத்துக்கும் காரணங்கள் ஒன்றேதான்: கொடுமை, திருமணத்துக்கு வெளியே உறவு, தொடர்ந்து இரண்டு ஆண்டு கைவிட்டது, மதம் மாறியது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு மனநோய் என அந்தப் பட்டியல் போகிறது. பிரமாணப் பத்திரமும் அதேதான், சாட்சிக் கூண்டும் அதேதான், குறுக்கு விசாரணையும் அதேதான். இவ்வளவையும் தாண்டி வந்த பிறகும் கையில் கிடைப்பது கலையாத திருமணம்.

அதனால் 'எது சுலபம்' என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். தீர்ப்பு வந்த மறுநாள் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் மறுமணம். நீதிமுறைப் பிரிவுத் தீர்ப்பு, சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயத்தை மட்டும்தான் நீக்குகிறது. கணவன் மனைவி என்ற உறவு அப்படியே இருக்கும். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைக்கும் இடம் உண்டு. மறுமணம் என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தாலும் நீதிமுறைப் பிரிவு உங்களுக்கான வழி அல்ல.

அடுத்தது வாரிசுரிமை. பலர் இதை யோசிப்பதே இல்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி முதல் வகுப்பு வாரிசு. நீதிமுறைப் பிரிவுத் தீர்ப்பு இருந்தாலும் அந்த இடம் போகாது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் இருக்க வேண்டும். விவாகரத்து ஆகிவிட்டால் அந்த இடம் இல்லை. பிள்ளைகளின் உரிமை இரண்டிலும் மாறாது.

இது எதிர்த் திசையிலும் வேலை செய்யும். பிரிந்து வாழும் பெண் தன் சம்பளத்தில் பெரும்பாக்கத்தில் ஒரு பிளாட் வாங்குகிறார், உயில் எழுதாமல் இறந்துபோகிறார் என்று வையுங்கள். பிள்ளைகளோடு கணவருக்கும் அதில் பங்கு போகும், எத்தனை ஆண்டு பிரிந்திருந்தாலும் சரி. எனவே நீதிமுறைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பெண், தீர்ப்பு நகல் வாங்கும் வாரத்திலேயே உயிலும் எழுதிவிடுவது நல்லது. பதிவு கட்டாயமில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த உயிலைப் பின்னாளில் சண்டைக்கு இழுப்பது கடினம். கிறிஸ்தவர்களுக்கு இதில் நிலைமை வேறு. 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, நீதிமுறைப் பிரிவுக்குப் பின் மனைவி சம்பாதித்த சொத்து, உயில் இல்லாவிட்டால், கணவர் உயிரோடு இல்லாதது போலவே கருதிப் பிரிக்கப்படும்.

மூன்றாவது, ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும். மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதிய விதிகளில், நீதிமுறையாகப் பிரிந்த துணைவருக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, திருமணத்துக்கு வெளியே அவருக்கு இருந்த உறவைக் காரணமாகக் காட்டி அந்தப் பிரிவு வழங்கப்படவில்லை என்றால். விவாகரத்தானவருக்கு இல்லை. ஐம்பத்தைந்து வயதில், கணவர் ஓய்வுபெற மூன்று ஆண்டு இருக்கும்போது, மறுமண எண்ணமே இல்லாத ஒரு பெண்ணுக்கு இது பெரிய வித்தியாசம். கம்பெனி கொடுக்கும் குழு மருத்துவக் காப்பீட்டிலும் இப்படித்தான்: சட்டப்படி துணைவராக இருக்கும் வரை பெயர் இருக்கலாம், விவாகரத்தானால் எடுத்துவிடுவார்கள். பாலிசியில் 'துணைவர்' என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்று எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை இரண்டு வழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சம் (இந்து திருமணச் சட்டப்பிரிவு 24), தீர்ப்போடு நிரந்தர ஜீவனாம்சம் (25), பிள்ளைகள் பொறுப்பு (26) மூன்றையும் எந்த மனுவிலும் கேட்கலாம். சம்பளத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று வாய்வழியாகச் சுற்றும் கணக்குகள் எதுவும் சட்டத்தில் இல்லை.

நீதிமுறைப் பிரிவு எப்போது பொருந்தும்

மறுமணம் வேண்டாம், ஆனால் பாதுகாப்பும் தனி வாழ்க்கையும் வேண்டும், வாரிசுரிமையையும் ஓய்வூதியத்தையும் இழக்க முடியாது என்பவர்களுக்கு இது நியாயமான வழி. விவாகரத்தை மனசாட்சி ஏற்காத கத்தோலிக்கர்களும் இதைத் தேர்ந்தெடுப்பதுண்டு. குடியோ மனநோயோ காரணமாகப் பிரிந்து, சிகிச்சைக்குப் பிறகு சேர வாய்ப்பு உண்டு என்று உண்மையாகவே நம்புகிறவர்களுக்கும் பொருந்தும். நிலைமை மாறினால் அதே நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து அந்தத் தீர்ப்பை ரத்து செய்துகொள்ளலாம், மறுபடி தாலி கட்ட வேண்டியதில்லை. ஆனால் மனுக் கொடுக்காமல் சும்மா சேர்ந்து வாழத் தொடங்கிவிடாதீர்கள். பழைய தீர்ப்பு ஏட்டில் அப்படியே கிடக்கும். மீண்டும் சண்டை வரும்போது 'நாங்கள் சேரவே இல்லை' என்று ஒருவர் சொல்ல, சேர்ந்ததை நிரூபிக்கும் வேலை மற்றவர் தலையில் விழும்.

திருமணமாகி ஓராண்டு ஆகாதவர்களுக்கு இன்னொரு காரணம் சொல்லப்படுவதுண்டு. முதல் ஓராண்டுக்குள் விவாகரத்து மனுவை, அசாதாரணமான துன்பம் இருக்கிறது என்று காட்டி அனுமதி வாங்கினால் தவிர, நீதிமன்றம் எடுக்காது. நீதிமுறைப் பிரிவு மனுவுக்கு அந்தத் தடை இல்லை. உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்காவது மாதத்தில் அடி வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவர், எதிர்ப்போடு நடக்கும் பிரிவு வழக்கு முடிவதற்குள் ஓராண்டுத் தடையைத் தாண்டியிருப்பார். அவருக்கு உடனே தேவைப்படுவது பாதுகாப்பு உத்தரவும் இருப்பிடமும் மாதச் செலவும். அவை 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடமே கிடைக்கும். சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் மனுவை அனுப்பலாம், 181-ஐ அழைத்தும் வழி கேட்கலாம். அதைப் போட்டுவிட்டு, ஓராண்டு முடிந்ததும் நேராக விவாகரத்துக்குப் போவதே பல நேரம் குறுக்கு வழி.

நீதிமுறைப் பிரிவு வாங்கி ஓராண்டு சேராமல் இருந்தால் விவாகரத்து தானாக வந்துவிடும் என்பதும் அரைகுறைத் தகவல். இந்து திருமணச் சட்டத்தின் 13(1ஏ) பிரிவின் கீழ் புது மனுப் போட வேண்டும். இருவரில் யார் வேண்டுமானாலும் போடலாம், முன்பு தோற்றவரும் போடலாம். 'நான் வாங்கிய தீர்ப்பை வைத்து அவர் விவாகரத்து கேட்கிறாரே' என்று திகைப்பவர்கள் உண்டு, சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கேட்டதும் கிடைத்துவிடாது. திருமணத்துக்கு வெளியே கணவருக்கு இருந்த உறவைக் காட்டி மனைவி பிரிவு வாங்கிய ஒரு வழக்கில், கணவர் அந்த உறவையும் விடவில்லை, ஜீவனாம்சமும் கட்டவில்லை, பிறகு அவரே விவாகரத்து கேட்டார். தன் தவறிலிருந்தே லாபம் பார்க்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2001-இல் அவருக்கு விவாகரத்தை மறுத்தது. கிறிஸ்தவர்களின் சட்டத்தில் இந்த ஏணியே இல்லை. அங்கே பிரிவு வாங்கியவர் பிறகு விவாகரத்து வேண்டும் என்றால் வேறு காரணம் காட்டித்தான் வழக்குப் போட வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் வரும். நீங்கள் கேட்டது விவாகரத்து, கிடைத்தது பிரிவு. அதே சட்டத்தின் 13ஏ பிரிவு நீதிபதிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. கொடுமைக்கான சாட்சியம் மெலிந்திருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே தேதி, இடம், யார் பார்த்தார்கள், எந்த மருத்துவமனைச் சீட்டு, எந்த வாட்ஸ்அப் செய்தி என்று வரிசையாக எழுதுங்கள். 'தினமும் கொடுமைப்படுத்தினார்' என்ற ஒற்றை வரி குறுக்கு விசாரணையில் நிற்காது.

முத்திரைத்தாள் பிரிவு

பாரிமுனையில் நோட்டரி முத்திரை குத்திய ஒரு தாள்: 'இன்று முதல் நாங்கள் இருவரும் பிரிந்து விட்டோம், ஒருவர் மீது ஒருவருக்கு எந்த உரிமையும் இல்லை, இருவரும் மறுமணம் செய்துகொள்ளலாம்.' கீழே இரண்டு சாட்சி, ஒட்டிய புகைப்படம், கட்டைவிரல் ரேகை. இது விவாகரத்தும் அல்ல, நீதிமுறைப் பிரிவும் அல்ல. சமூக வழக்கப்படியான மணமுறிவைச் சட்டம் ஏற்பது, அப்படியொரு வழக்கம் அந்தச் சமூகத்தில் காலங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால் மட்டும்தான்.

அந்தத் தாளால் ஆபத்தும் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 என்று அறியப்பட்ட, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆக இருக்கும் ஜீவனாம்சப் பிரிவில், 'இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழும்' மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. அவசரத்தில் கையெழுத்துப் போட்ட தாளை எதிர்த்தரப்பு அங்கே நீட்டும். பிரிந்து வாழ்வதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், பிரிந்ததற்கான காரணத்தையும் மாதம் எவ்வளவு யார் தருவது என்பதையும் அதில் எழுதுங்கள், 'எந்த உரிமையும் இல்லை' என்ற வரியை அடித்துவிடுங்கள். வழக்கே வேண்டாம், செலவுக்குப் பணம் மட்டும் வேண்டும் என்கிற இந்து மனைவிக்கு இன்னொரு கதவும் உண்டு. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில், தக்க காரணத்தோடு தனியாக இருந்துகொண்டே ஜீவனாம்சம் கேட்கலாம்.

இருவருக்கும் சம்மதம் என்றால்

இருவரும் ஒத்துப்போனால் நீதிமுறைப் பிரிவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதற்குப் பரஸ்பர சம்மத வழி என்று சட்டத்தில் ஒன்று இல்லை. விவாகரத்துக்கு இருக்கிறது. 13பி பிரிவில் கூட்டு மனு, வக்கீல்கள் பேச்சில் 'மியூச்சுவல்'. அதன் படிகள் இவை:

1. மனுப் போடும் நாளுக்கு முன் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கணவன் மனைவியாக வாழாததும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொல்லியிருக்கிறது. வாடகை ஒப்பந்தம், கேஸ் பில் போன்ற சான்று இருந்தால் கேள்வியே வராது.

2. கூட்டு மனுவில் பணம், நகை, பிள்ளை, வீடு, நிலுவையில் இருக்கும் மற்ற வழக்குகள் என எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். முதல் முறை இருவரும் நேரில் வந்து வாக்குமூலம் கொடுப்பார்கள்.

3. ஆறு மாதம் காத்திருப்பு. பதினெட்டு மாதத்துக்குள் இரண்டாவது முறை வந்து 'எங்கள் சம்மதம் மாறவில்லை' என்று சொல்ல வேண்டும். அதுவரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம்.

4. ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. முதல் வாக்குமூலத்துக்கு முன்பே பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளை விவகாரமும் முடிந்திருக்க வேண்டும். முதல் வாக்குமூலம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தனி மனுப் போடலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை.

மியூச்சுவல் கெட்டுப்போவது பெரும்பாலும் பணத்தில்தான். முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிட்டால் மற்றவர் இரண்டாவது வாக்குமூலத்துக்கு வராமல் போகலாம். எல்லாம் கடைசியில் என்றால் அதுவரை வாழ வழி என்ன? ஒரு பகுதியை முதல் வாக்குமூலத்தன்றும் மீதியை இரண்டாவது நாளில் நீதிபதி முன்னிலையிலும் டிமாண்ட் டிராஃப்டாகக் கொடுப்பது எனப் பிரிப்பதே நல்லது. டி.டி. எண்ணை வாக்குமூலத்தில் பதியச் சொல்லுங்கள்.

நகைக்கு ஒரு பட்டியல் போடுங்கள். 'நாற்பது சவரன்' என்று மொத்தமாக எழுதினால் சண்டைதான். ஆரம் இத்தனை சவரன், வளையல் எத்தனை ஜோடி, தாலிக்கொடி எத்தனை சவரன், எந்தக் கடை ரசீது, கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தில் தெரிகிறது, இப்போது லாக்கரிலா அடகிலா, சாவி யாரிடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அடகில் இருந்தால் மீட்கப் போவது யார் என்பதும் அந்த வரியிலேயே வர வேண்டும்.

வீடு கூட்டுப் பெயரில் இருந்தால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விவாகரத்துக்குப் பின் இருவரும் குடும்ப உறுப்பினர்கள் அல்ல என்பதால் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. பாகத்தை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் தீர்ப்புக்கு முன்பே பதிவை முடிப்பது மலிவு. வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் முதலில் வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடனில் உங்கள் பெயர் இருக்கும் வரை தவணை தவறினால் உங்களையும்தான் தேடி வருவார்கள்.

எங்கே, எப்படி

சென்னையின் முதன்மைக் குடும்பநல நீதிமன்றமும் கூடுதல் குடும்பநல நீதிமன்றங்களும் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கின்றன. திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் என எதை வைத்தும் அந்தப் பகுதி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மனுப் போடுவது மனைவி என்றால் அவர் இப்போது வசிக்கும் இடத்திலும் போடலாம். முகவரியில் சென்னை என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். நீதிமன்றம் மாறிப் போட்டால் மனு திரும்பி வரும், மாதங்கள் போகும்.

எடுத்துப் போக வேண்டியவை: திருமணப் பத்திரிகை, மணமேடைப் படம், திருமணப் பதிவுச் சான்றிதழ், இருவர் முகவரிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. ஜீவனாம்சம் கேட்டால் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் காட்டும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பில்தான். எனவே அந்த மனுவைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மனுவுக்கு எண் கொடுத்ததும் நோட்டீஸ் போகும், பிறகு கவுன்சிலிங், சமரச மையம், அது முறிந்தால் கவுன்ட்டர் என்கிற எதிர்த்தரப்பின் பதில் மனு, விசாரணை. குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமை அல்ல, அனுமதி கேட்டு வைக்க வேண்டும். அனுமதி வழக்கமாகக் கிடைத்துவிடும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, தொலைபேசி எண் 15100. உங்கள் வழக்குக்கென்று தரப்படும் சி.என்.ஆர். எண்ணை ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டு வாய்தா தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வக்கீல் குமாஸ்தாவின் போனை மட்டும் நம்பி இருந்தவர்கள் எக்ஸ்பார்ட்டி ஆவது, அதாவது அவர்கள் வராமலேயே வழக்கு ஒருதலையாக முடிவது, இங்கே புதிதல்ல.

எதிர்த்தரப்பை எக்ஸ்பார்ட்டி ஆக்கும் ஆசையில் காலி செய்த வீட்டு முகவரியைக் கொடுப்பதும் வேண்டாம். நோட்டீஸே வரவில்லை என்று காட்டி அந்தத் தீர்ப்பைப் பின்னால் ரத்து செய்ய வைக்கலாம். அதற்குள் நீங்கள் மறுமணம் செய்திருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும்.

துணைவர் வெளிநாட்டில் இருந்து அங்கே விவாகரத்து வாங்கி அனுப்பினால் கொண்டாடவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். இங்குள்ள திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, நீங்கள் கலந்துகொள்ளாத வழக்கில் வந்த தீர்ப்பு இங்கே செல்லாது என்பது 1991 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. மாதா கோயில் தீர்ப்பாயம் திருமணத்தை ரத்து செய்த தாளும் அரசுச் சட்டத்தில் விவாகரத்து ஆகாது. இஸ்லாமியர்களுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீதிமுறைப் பிரிவு என்ற ஏற்பாடு இல்லை. குலா, அதாவது மனைவி கேட்டு வாங்கும் மணமுறிவு, வேண்டும் பெண் தனியார் ஜமாஅத் சான்றோடு நிற்காமல் குடும்பநல நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு, அது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் என்றால், மேலே சொன்ன இந்துச் சட்ட ஏற்பாடுகள் ஏறக்குறைய அப்படியே உண்டு, பிரிவு எண்கள்தான் வேறு. சுயமரியாதைத் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவில் வருவது, அதற்குத் தனி வழி கிடையாது.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்குங்கள், பாஸ்போர்ட் அலுவலகம் முதல் பள்ளிக்கூடம் வரை கேட்பார்கள். எதிர்ப்போடு நடந்த விவாகரத்து என்றால் மேல்முறையீட்டுக்கான 90 நாள் முடிந்து, அப்பீல் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே மறுமண நாள் குறியுங்கள். சம்மத விவாகரத்துத் தீர்ப்புக்குக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தில் மேல்முறையீடு இல்லை. பி.எஃப்., வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி., மியூச்சுவல் ஃபண்ட் ஆகியவற்றின் நாமினி பெயர் எந்தத் தீர்ப்பாலும் தானாக மாறாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படிவம் கொடுத்து, மாறியதற்கான ஒப்புகையைத் தீர்ப்பு நகலோடு சேர்த்து வையுங்கள்.